புலி மூணு, ஆடு பதினஞ்சு

இல்ல சேர், அந்தக் கதிரை வேணாம், கால் ஆடும். இதுல ஒக்காருங்க. இருங்க, பையத் தள்ளி வெக்கிறேன். அதுல ஒண்ணுமில்ல, உடுப்புத்தான். ரெண்டு மூணு உடுப்பு, சவுக்காரம், ஒரு துவாய். ஆமாங்க, உள்ள இருக்கிற ஆளுக்கு மாத்துத் துணி வேணுமில்ல. தொறந்து பாக்கணும்னா பாருங்க. வேணாமா? சரி.

பிள்ள அடுத்த வீட்ல, நூருன்னிஸா ராத்தாகிட்ட இருக்கு. ரெண்டு வயசு. இந்தக் கேசட் சத்தம் கேட்டா காதப் பொத்திக்கிட்டு அழுவா, அப்படியே அப்பன மாதிரி... சரி, அத விடுங்க. மிஷினத் தாங்க.

பாத்து, அடியில திருகாணி ஒண்ணக் காணோம். ஸ்டேஷன்ல கழட்டிப் பாத்தாங்க போல. உள்ள குண்டு இருக்கும்னு நெனச்சாங்களா? சிரிக்கல சேர். சிரிக்கிற மாதிரியா இருக்கேன் நான்.

நீங்க ஸ்டேஷன் பெரியவரு ஓஐசி மஹத்தயாகிட்ட பேசி இத வீட்டுக்கே கொண்டாந்தீங்களே, இந்த உதவிய மறக்க மாட்டேன். ஸ்டேஷன்ல தமிழ் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான்னு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர புடிச்ச நாள்லேருந்து கேட்டுக்கு வெளிய நின்னு கத்துறேன், அந்தக் கேசட்ல இருக்கிறது வெளயாட்டுங்க, ஆடு புலி ஆட்டங்க, வேற ஒரு மண்ணும் இல்லைங்கன்னு. யாரு கேட்டா? இந்த டிவியில ஆட்டம் வந்திருச்சுன்னா நீங்க சிங்களத்துல எழுதிக் குடுப்பீங்க, அவர விட்ருவாங்க. வரலன்னா பின்னேரம் கொழும்புக்குப் போற வேன்ல ஏத்திருவாங்க. அப்படித்தானே? ஏத்திட்டா அப்புறம் எந்தக் கேம்ப், எந்த ஜெயில்னு நான் யாரப் போய்க் கேக்க? வரும் சேர். வராம எங்க போகும்.

இந்த வயரு டிவிக்கு. இது கேசட் ரெக்கோடருக்கு. இந்த ரெக்கோடர் எங்களது இல்ல, ராத்தா வீட்டுது. எங்களது இன்னும் ஸ்டேஷன்ல கெடக்கு, அதையும் கொண்டாந்திருந்தா நல்லா இருந்திருக்கும். பரவாயில்ல. டிவி ஏற்கெனவே டியூன் பண்ணித்தான் இருக்கு. இந்தா, வெள்ளையா வருது பாருங்க, அடியில ஒரு வரி எழுத்து. உசிரோட இருக்கு. அம்மா மாதாவே.

கம்ப்யூட்டர்தான். ஏன் அப்படிப் பாக்குறீங்க? இது அந்தக் காலத்து கம்ப்யூட்டர், பேரு ஸ்பெக்ட்ரம். எண்பத்திரண்டாம் வருஷம் வந்தது. ரப்பர் பட்டன், உள்ளங்கை ரெண்டையும் சேத்து வெச்சா மூடிரும். எல்கடுவ பக்கம் ஒரு தோட்டத்துல தொரை பங்களாவ காலி பண்ணயில சாமான் வித்தாங்க, அங்க வாங்குனாரு. என்னா நெனச்சு வாங்குனாரு தெரியுமா, சின்ன டைப்ரைட்டர்னு நெனச்சு. நான் கல்யாணத்துக்கு முந்தி ஒரு பிரக்கிராசி ஐயா, வக்கீலு, அவரோட கந்தோர்ல டைப்பிஸ்டா இருந்தவ. கடுதாசி எங்க மாட்டுறதுன்னு வீட்டுக்கு வந்து ரெண்டு பேரும் தேடுனோம். அன்னைக்கு சிரிச்ச சிரிப்பு...

எழுத்து எல்லாம் அழிஞ்சிருச்சுங்க, ஆமா. வாங்கயிலயே பாதி அழிஞ்சிருந்துச்சு, மீதியும் போயிருச்சு. விரலுக்குத்தான் தெரியும். இதுல லோட்னு ஓரோரு எழுத்தா அடிக்க முடியாது. ஒரு பட்டனுக்கு ஒரு முழு வார்த்தை. இது ஜே. அமுக்குனா பாருங்க, லோட்னு முழுசா வந்திருச்சு. இப்ப ரெண்டு மேற்கோள் குறி. என்டர். இனி கேசட்ட ஓட விட்டா அதுல இருக்கிற சத்தத்த இது கேட்டுக்கும். அந்தச் சத்தந்தான் ஆட்டம். நாலஞ்சு நிமிஷம் ஆகும். நடுவுல எதையும் தொடக்கூடாது, கொஞ்சம் அசைஞ்சாலும் கெட்டுப்போகும்.

கேக்குதா? பாட்டுத்தான், மாதா பாட்டு. நம்ம கோயில்ல பாடுன கேசட். புதுக் கேசட் எங்க வாங்குறது, இப்ப எல்லாம் சீடி. பாட்டு கேசட்டுக்கு மேலயே பதிஞ்சது. தொடக்கத்துல கொஞ்சம் பாட்டு அழியாம நின்னுருச்சு, அதான் வெனை. இந்தா, இப்ப வரும் பாருங்க.

காதப் பொத்திக்கங்க. மொத தடவ கேக்கிற ஆளுக்கு அப்படித்தான் இருக்கும்.

அன்னைக்கு ரவுண்டப்புன்னு வீடு வீடா தேட வந்தவங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. தம்புள்ள பஸ்ல குண்டு வெடிச்சதுக்கு அடுத்த வாரம். பூசைக்குக் கெளம்பி நிக்கிறோம், வாசல்ல பூட்ஸ் சத்தம். அவரோட ஐடென்டிட்டியப் பாத்தாங்க. பொறந்த எடம் மன்னார், வடக்கு. கந்தோர் நாவுலையில. தெனம் அதே தம்புள்ள ரோட்டுல பஸ்ல போறாரு, வர்றாரு. கவர்மென்ட் வேலைங்க, பதினோரு வருஷமா பொலிஸ் பதிவு இருக்குங்கன்னு காட்டுனேன். அதையும் பாத்தாங்க. விட்டுட்டுப் போற மாதிரித்தான் இருந்தாங்க. அந்த நேரம் பாத்து ஒரு கான்ஸ்டபிள் அலுமாரிய தொறந்து இந்தக் கேசட்ட எடுத்து ரெக்கோடர்ல போட்டாரு. மாதா பாட்டு. வந்தவங்கள்ல பெரியவரு தொப்பியக்கூட கழட்டுனாரு சேர், கடவுள் சாட்சியா. பாட்டு நடுவுல அறுந்து கீ...ன்னு இந்தச் சத்தம். அவரு மொகம் மாறுனத நான் பாத்தேன். சாமி பாட்டுக்கு உள்ள ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு நெனச்சுட்டாங்க.

அதோடவாவது விட்ருக்கலாம். கேசட்டு மேல ஒட்டியிருந்த துண்ட, இன்னொரு பொடியன் ஆமிக்காரன், தமிழ் கொஞ்சம் படிச்சவன் போல, எழுத்துக் கூட்டி வாசிச்சான். பு. லி. நிமிந்து பாத்து, சிங்களத்துல கொட்டி சேர்னு சொன்னான். புலின்னா அவங்களுக்கு ஒரு புலிதானே. புலி மூணு ஆடு பதினஞ்சுன்னு எழுதியிருக்கு. மூணு கொட்டி யாரு, எங்க இருக்கானுங்க? பதினஞ்சு ஆடு யாரு, எந்தப் பதினஞ்சு பேர கொல்லப்போறீங்கன்னு கேள்வி மேல கேள்வி. எழுதயில இது மனசுல படவே இல்ல சேர். சின்னதுல தரையில கோடு கீறி புளியங்கொட்டை வெச்சு வெளயாடுன ஆட்டம். அதுக்கு வேற என்னா பேரு வெக்க? பூனை மூணுன்னா எழுத முடியும்?

யாரோடதுன்னு கேட்டாங்க. ஒடனே அவரு, மகே மஹத்தயான்னாரு. என்னோடதுன்னு. அவ்வளவுதான், சட்டக் காலரப் புடிச்சாச்சு.

இருங்க இருங்க. கோடு பாருங்க, டிவி ஓரத்துல. சிவப்பும் நீலமுமா ஓடுச்சு, இப்ப மஞ்சளா மாறுது, நல்லது, அது பிடிச்சுக்கிச்சுன்னு அர்த்தம். பேரு வந்திருச்சு. புலி. ஆமா, இங்கிலீஸ்ல. கான்ஸ்டபிள் வாசல்ல தானே நிக்கிறாரு? அவரு பாக்காட்டி நல்லது.

ஐயோ.

இல்ல, ஒடையல. பிழைன்னு சொல்லுது. சரியா கேக்கலையாம். கேசட் நல்ல கேசட்தான் சேர், எங்க ரெக்கோடர்ல கண்ண மூடிக்கிட்டு ஏறும். இது வேற வீட்டு ரெக்கோடர், தல கொஞ்சம் சரிஞ்சிருக்கு. கேசட்ட தடவிக்கிட்டுப் போற இந்தச் சின்ன இரும்புத் துண்டு இருக்கே, அதத்தான் தலன்னு சொல்றது. இதுக்குப் பக்கத்துல ஒரு குட்டித் திருகாணி இருக்கும். மணிக்கூடு திருத்துற திருப்புளி ஒண்ணு மேசை லாச்சியில... இந்தா. கொஞ்சமாத் திருப்புனா சத்தம் கூர்மையாகும். கேளுங்க, இப்ப மந்தமா இருக்கு. இப்ப? தகரத்துல ஆணி கீறுற மாதிரி இருக்குல்ல? இதுதான் சரி.

நான் எப்படிப் பழகினேனா? பாத்துப் பாத்துத்தான். ஒரே வீட்ல இருந்தா வராதா? சைக்கிள் ஓட்டத் தெரியாத பொம்பளக்கிக்கூட செயின் மாட்டத் தெரியும்.

ஜே. குறி ரெண்டு. என்டர். ஓட விட்டாச்சு.

ஜீப்புலேருந்து ஹோர்ன் அடிக்கிறாங்க. கொஞ்சம் சொல்லுங்க சேர். சொல்லுங்களேன், கால் மணித்தியாலம். ஒங்க பேரு ஸெய்னுலாப்தீன்னு சட்டையில சிங்களத்துல இருக்கு, வாசிச்சேன். சேர்னு கூப்பிட வாய் கூசுது. அண்ணன்னு கூப்பிடுற மாதிரி நானான்னே கூப்பிடட்டுமா? எங்க தெருவுல எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுறது. நல்லது.

அவர அடிச்சாங்களா நானா? அந்தப் பதினஞ்சு ஆடு யாருன்னு கேட்டு அடிச்சாங்கன்னு ஸ்டேஷன் கேட்டுல நின்ன ஒருத்தரு சொன்னாரு. ஜன்னலப் பாக்குறீங்க, அதுவே போதும்.

புது கம்ப்யூட்டர் டவுன்ல ஒவ்வொரு கடையிலும் இருக்கே, இந்தப் பழசக் கட்டிக்கிட்டு என்னாத்துக்கு அழுறதுன்னு கேப்பாங்க. நீங்களும் கேக்கத்தான் வாயெடுத்தீங்க. புதுசுக்குள்ள என்னா நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது நானா, செஞ்சவனுக்கே முழுசாத் தெரியாது. இது அப்படி இல்ல. இதோட மூளை துளியூண்டு. ஒரு ஆளோட தலைக்குள்ள முழுசா அடங்கிரும். எடம் பத்தாம எடம் பத்தாம, ஒரு வரிய வெட்டி, இன்னொரு வரிய சுருக்கி, ஒரு மாசம் மண்டையப் போட்டு ஒடைச்சு, கடைசியில புலி தானா ஒரு ஆட்டத் தாண்டிக் குதிச்சு வெட்டும் பாருங்க. வெளிய கெடுபிடி, செக்பொயின்ட், செய்தியத் தொறந்தா சாவு. இதுக்குள்ள மட்டும் நம்ம சொன்னது நடக்கும். தப்பா நடந்தா அது நம்ம தப்பு, தேடுனா கிடைக்கும், திருத்தலாம். வெளிய அப்படி ஒண்ணு இருக்கா சொல்லுங்க.

தமிழ் எழுத்தா? அது இதுல கெடையாதுதான். நாமளா கீறணும். ஒரு எழுத்துக்கு எட்டுக்கு எட்டுக் கட்டம், எந்தக் கட்டம் கறுப்பு, எது வெள்ளைன்னு ஒவ்வொண்ணா சொல்லிக் குடுக்கணும். ஆனாவுக்குள்ள அந்தச் சுழி அடங்கவே இல்ல. ஒரு வாரம். புலிக்கு மொதல்ல மொகம் வரையத்தான் பாத்தது, எப்படிக் கீறுனாலும் பூனை மாதிரி வந்து முழிச்சுச்சு. அப்புறம் மொகம் வேணாம்னு பு மட்டும் போட்டாச்சு. இப்ப நெனச்சா, அந்த மாதா காப்பாத்துனா. புலி மொகம் ஒண்ணு டிவியில வந்து நின்னிருந்தா நீங்க என்னா எழுதினாலும் எடுபடாது.

நல்லா ஏறுது. பாருங்க, கோடு ஆடாம ஓடுது. பாதிக்கு மேல...

இல்ல! இல்ல இல்ல இல்ல.

மில்லு. இராமசாமி அண்ணனோட மிளகாய்த்தூள் மில்லு, பின்பக்கம். அத ஓட விட்டா இந்த வரிசையில எல்லா வீட்லயும் கரண்ட் ஒரு துள்ளு துள்ளும். பல்பு மங்குச்சுல்ல? இதுக்கு அது போதும், எல்லாத்தையும் மறந்துட்டு மொதல்லேருந்து நிக்கும். நேரம் என்னா நானா? வேன் வந்திருக்குமா? சொல்லாதீங்க, சொல்லாதீங்க. வெளிய நிக்கிற கான்ஸ்டபிள அனுப்பி மில்ல நிப்பாட்டச் சொல்லுங்க. நான் கேட்டா ஏழு கேள்வி கேப்பாரு மனுஷன், பொலிஸ் கேட்டா கேக்கவே மாட்டாரு. பெரேரா மஹத்தயா, கருணாகரலா, மில் எக்க நவத்தன்ன கியன்ன! போறாரா? ஓடுறாரு பாவம்.

ஜே. குறி, குறி. என்டர். பாட்டு. நானா, இந்தப் பாட்டுல ரெண்டாவது கொரல் எங்க வீட்டுக்காரர் கிறிஸ்தோபர். கேளுங்க, கொஞ்சம் சுதி தப்பும். ஒரு ஞாயிறும் கோயிலுக்குப் போய்ப் பாடாம இருக்க மாட்டாரு. பொய் சொல்லவும் தெரியாது, நாவுலை பஸ்ல டிக்கட் எடுக்க மறந்தா மறுநாள் ரெண்டு டிக்கட் எடுக்கிற ஆளு. அப்படிப்பட்ட ஆளு அன்னைக்கு...

மில்லு நின்னிருச்சு. கேக்குதா, அமைதியாயிருச்சு. இனி ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது.

சிவப்பு. மஞ்சள். பேரு வந்திருச்சு.

ஒண்ணு முன்னாடியே சொல்லிர்றேன். மிஷின் புலி, நம்ம ஆடு. மிஷினுக்கு ஆட்டோட புத்திய சொல்லிக் குடுக்கிறது கஷ்டம், பதினஞ்சும் ஒண்ணா யோசிக்கணும். புலி லேசு, கண்ணுக்கு முன்னால இருக்கிறதப் பாய்ஞ்சு வெட்டுனாப் போதும். அதனால நீங்க வெளயாடித் தோத்துட்டா, புலி வென்றதுன்னு பெரிய எழுத்துல வரும். அது வரக்கூடாது நானா. ஓஐசிக்கு முன்னால காட்டச் சொன்னா நான் சொல்ற எடத்துல ஆட்ட வெச்சுக்கிட்டே போங்க, மூணு புலியையும் நவுர விடாமக் கட்டிரலாம். இல்லாட்டி அந்த வரிய இப்பவே மாத்திரவா? அறுநூத்தி நாப்பதாம் வரி, ஒரு நொடியில... வேணாம். மாத்துனா பொய் சாட்சி ஆயிரும்.

ம்? ஆமா, வரி நம்பர் தெரியும். பாத்துப் பாத்து.

வருது. நானா வருது. வந்திருச்சு! பாருங்க, கோடு, முக்கோணம், நடுவுல மூணு பு. அடியில பதினஞ்சு ஆ. வந்திருச்சு. அழல, அழல நான். ஒங்களுக்குத் தெரியுமா இந்த ஆட்டம்? சின்னதுல வெளயாடியிருக்கீங்களா! அப்ப வெளயாடுங்க. அந்த மூலையில ஒண்ணு வெயுங்க. பாத்தீங்களா, புலி யோசிக்குது. நவுந்துச்சா? இதுதான். ஆடு புலி ஆட்டம். ஒருத்தரையும் கொல்லல, குண்டு இல்ல, ரகசியக் குறிப்பு இல்ல. கான்ஸ்டபிளையும் கூப்பிட்டுக் காட்டுங்க. எழுதுங்க நானா, இந்தா கடுதாசி, நான் கண்ணால பாத்தேன்னு எழுதுங்க.

ஏன் பேனைய வெச்சுட்டீங்க?

அவர ஸ்டேஷன் டிவியில போட்டுக் காட்டச் சொன்னாங்களா? எப்ப, நேத்தா? நீங்க பக்கத்துல நின்னீங்களா? ஓ.

எந்தப் பட்டன அமுக்குனாரு?

எல்.

திருப்பித் திருப்பி எல் மட்டுந்தானா.

ஓஐசி என்னா சொன்னாரு? நீயே செஞ்சதா இருந்தா ஏன்டா ஒனக்கே தொறக்கத் தெரியல, எவனோ குடுத்து ஒளிச்சு வெச்சிருக்கே, எவன் அவன்னு... ம். ஆட்டம் வந்தாலும் அதுதான் கேள்வின்னு சொல்லிட்டாரா. நாயமான கேள்விதான். எந்த மனுஷனும் கேப்பான்.

லோட்டுக்கு மொத எழுத்து எல்லுதானே நானா. இங்கிலீஸ் படிச்ச யாரும் அதத்தான் தேடுவாங்க. அதுவும் கந்தோர்ல கம்ப்யூட்டர் பாத்திருக்காரு, ஒவ்வொரு எழுத்தா எண்ணிப் பாத்து எல் எந்த எடத்துல இருக்கும்னு கண்டுபிடிச்சிருப்பாரு, பாவி மனுஷன். இந்த மிஷின்ல எல் அமுக்குனா வேற வார்த்தை வந்து நிக்கும். லோட் ஜேயில இருக்கு.

பதட்டத்துல மறந்துட்டாருன்னு நான் சொல்லலாம். நீங்க நம்புவீங்க, நல்ல மனுஷன். ஓஐசி நம்ப மாட்டாரு. மறுபடியும் மிஷின அவரு முன்னால வெப்பாங்க. அவரு மறுபடியும் எல்லத்தான் அமுக்குவாரு. அடிச்சாலும் எல்லத்தான் அமுக்குவாரு. அவருக்கு வேற தெரியாது. இந்த வீட்ல அவரு ஒரு நாளும் இதுக்குப் பக்கத்துல ஒக்காந்ததில்ல நானா. நான் கேசட்டப் போட்டா, ஆரம்பிச்சுட்டியா டொறீன்னு சொல்லிட்டு பிள்ளையத் தூக்கிக்கிட்டு குசினிக்குப் போயிருவாரு. ரெண்டு பேரும் காதப் பொத்திக்கிட்டு அங்க நிப்பாங்க. ஆனா ஒரு நாளும் நிப்பாட்டுன்னு சொன்னதில்ல.

ஆமா. நான்தான் எழுதுனது. மேல ஒட்டியிருக்கிறதும் என் கையெழுத்துத்தான், பேனையத் தாங்க, எழுதிக் காட்றேன். யாரோடதுன்னு கேட்டப்ப நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள அவரு மகேன்னு சொல்லிட்டாரு. போகயில ஒரு பார்வை பாத்தாரு, பேசாம இருன்னு. பிள்ளையக் காட்டிப் பாத்தாரு. நானும் பேசாமத்தான் இருந்தேன், ஆட்டம் வந்துட்டா எல்லாம் முடிஞ்சிரும்னு.

எழுதிக்கங்க. டொறீன், டானாவுல ஆரம்பிக்கும், வல்லின றன்னா. அவர விட்டதும் நேரா ராத்தா வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. பால்மா டின் எங்க இருக்குன்னு சொல்ல வேணாம், அதெல்லாம் அவருக்குத் தெரியும்.

அந்தப் பைய மட்டும் எடுங்க நானா. இல்ல, அவரு உடுப்பு இல்ல. என்னோடது. காலையிலயே கட்டிட்டேன்.

மிஷின நான் மடியில வெச்சுக்கிறேன். ஓஐசி முன்னால ஜேய அமுக்க ஒரு ஆளு வேணுமில்ல.